கல்லூரியில் தர மேலாண்மை: முதல் ஆண்டை எப்படி நடத்துவது?

முதல்வர் கூப்பிட்டு, “நாக் வேலையை இனிமே நீங்கதான் சார் பார்த்துக்கணும்” என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளில் ஐ.க்யூ.ஏ.சி. (உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர் என்று ஆணையும் வந்துவிட்டது. வகுப்பு குறையவில்லை, திருத்த வேண்டிய விடைத்தாளும் குறையவில்லை. கூடுதலாக, முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற ஃபைல்கள் ஒரு பீரோ நிறைய. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இப்படித் திடீரெனப் பொறுப்புக்கு வரும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான். அன்றாட வேலை நடக்கும்போதே அது பதிவாகிவிட வேண்டும். அந்தப் பதிவைப் பார்த்து அடுத்த பருவத்தில் வேலை திருந்த வேண்டும். ஆசிரியரின் சுமையைக் குறைக்கிற ஏற்பாடு நிலைக்கும். கூட்டுகிற ஏற்பாடு, நாக் ஆய்வுக் குழு வந்துபோன மறுவாரமே நின்றுவிடும். இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யார், என்ன கேட்கிறார்கள்?

நாக் 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழு பெங்களூரில் தொடங்கிய, தர அங்கீகாரம் தரும் அமைப்பு. அது கல்லூரியை முழுதாகப் பார்க்கும். பாடத்திட்டம் முதல் நிறுவன விழுமியங்கள் வரை ஏழு அளவுகோல்கள், மொத்தம் 1000 மதிப்பெண். பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிகளுக்கு அதில் 350, கற்றல் கற்பித்தல் மதிப்பீடு என்ற ஒரே அளவுகோலுக்கு. கட்டடத்துக்கும் பூங்காவுக்கும் ஓடும் நிர்வாகங்களிடம் முதலில் காட்ட வேண்டிய எண் இது. 2017-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு பெரும்பகுதி மதிப்பெண் நீங்கள் இணையத்தில் ஏற்றும் தரவைப் பொறுத்தது. குழு ஆய்வு செய்வதற்கு முன்பே அந்தத் தரவு சரிபார்க்கப்படும். 4-க்கு 3.51-உம் அதற்கு மேலும் வாங்கினால் ஏ பிளஸ் பிளஸ் என்பது பலரும் அறிந்த கணக்கு. கிரேடுகளுக்குப் பதிலாக ‘அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை’ என்ற முறையும், அதற்கு மேல் படிநிலைகளும் வரும் என்று 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ஆகவே பழைய கையேட்டின் நகலை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அப்போதைக்கு நடப்பில் உள்ள கையேட்டை நாக் இணையதளத்திலிருந்தே இறக்குங்கள்.

என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தொழிற்கல்விப் படிப்புகளைத் தனித்தனியாகப் பார்க்கும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினரானது என்.பி.ஏ. வழியாகத்தான். என்.பி.ஏ. மதிப்பீட்டில் உயிர்நாடி, மாணவர் கற்ற விளைவை அளப்பது. என்.ஐ.ஆர்.எஃப். 2016 முதல் வெளியாகும் தரவரிசை. அது நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும், எப்படி நடத்துவது என்று சொல்லாது. ஐஎஸ்ஓ 9001 எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுத் தரநிலை. கல்வி நிறுவனங்களுக்கென்றே 2018-இல் வந்தது ஐஎஸ்ஓ 21001. அது கற்பவரை நடுவில் வைக்கிறது; சிறப்புத் தேவை உள்ள மாணவர், சமவாய்ப்பு, தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றை வெளிப்படையாகக் கேட்கிறது.

நால்வருக்கும் நான்கு ஃபைல் போடத் தேவையில்லை. வருகைப்பதிவு, தேர்வு முடிவு, குறைதீர்ப்பு, கருத்துக் கேட்பு, கூட்டக் குறிப்பு ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருந்தால் நான்கு அறிக்கைகளுக்கும் வேண்டிய பெரும்பகுதி அங்கிருந்தே வரும்.

பொறுப்பேற்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

முதலில், காலவரையறையோடு எழுத்துப்பூர்வமான ஆணை. குறைந்தது இரண்டு கல்வியாண்டு வேண்டும். ஓராண்டில் தொடங்கலாம், நிலைநிறுத்த முடியாது. இரண்டாவது, வாரப் பாடவேளையில் சலுகை. மூன்றாவது, எக்செல் நன்றாகத் தெரிந்த ஓர் அலுவலக உதவியாளர், பகுதிநேரமாகவாவது. நான்காவது, ‘ஐ.க்யூ.ஏ.சி. கேட்கும் தரவை இந்தத் தேதிக்குள் துறைகள் தர வேண்டும்’ என்று முதல்வர் கையெழுத்திட்ட சர்க்குலர்.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். “சார், ரெண்டு பீரியட் குறைச்சுக் கொடுத்தீங்கன்னா வருடாந்திர அறிக்கையைக் கடைசி வாரத்துல எல்லாரையும் ராத்திரி உட்கார வைக்காம முடிச்சுடலாம்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். அந்த இரவுகளை எந்த முதல்வரும் மறந்திருக்க மாட்டார்.

குழு அமைப்பில் நாக் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: தலைவர் முதல்வர், ஆசிரியர்கள் மூன்று முதல் எட்டுப் பேர், நிர்வாகத்தின் பிரதிநிதி, உள்ளூர்ச் சமூகம், மாணவர், முன்னாள் மாணவர், தொழில்துறை ஆகியோரின் பிரதிநிதிகள். காலாண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதியாக முதல் மதிப்பெண் மாணவரைத்தான் போட வேண்டும் என்றில்லை. அரியர் வைத்து மீண்டவரையும், தொலைவிலிருந்து பஸ் பிடித்து வருபவரையும் உட்காரவையுங்கள். கல்லூரி எங்கே தடுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் மாதம்: மூன்று நடைமுறைகள் மட்டும்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சீர்செய்யக் கிளம்பினால் எதுவும் நடக்காது. மாணவர் அன்றாடம் உரசும் மூன்றை எடுங்கள்: உள்மதிப்பீட்டு மதிப்பெண், அலுவலகச் சான்றிதழ்கள், குறைதீர்ப்பு.

ஏன் இந்த மூன்று? தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47. நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்துக்கு நம்மைக் கொண்டுவந்ததில் குடும்பத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வீட்டில் விவரம் சொல்ல ஆள் இல்லை, ஆபீஸில் தெரிந்தவர் இல்லை. அப்படி யாரையும் தெரியாத மாணவருக்கும் செயலாளரின் உறவுக்காரருக்கும் போனஃபைடு சான்றிதழ் ஒரே நாளில் கிடைக்கிறதா? உள்மதிப்பீட்டில் தப்பிருந்தால் கேட்க இருவருக்கும் ஒரே வழி இருக்கிறதா? தர மேலாண்மையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஆள் பார்த்து நடப்பதை விதி பார்த்து நடக்க வைப்பது ஒரு கல்லூரி தன் மாணவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை.

முதலில் இப்போதைய நிலையை அளந்துவிடுங்கள். போனஃபைடு கேட்டு மனு வந்த தேதி, கொடுத்த தேதி: ஒரு மாதம் இந்த இரண்டை மட்டும் குறித்துவையுங்கள். தாமதமானால் ‘ஏன்’ என்று அடுக்கிக் கேளுங்கள். ஏன் நான்கு நாள்? கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஏன் காத்திருந்தது? முதல்வர் மட்டுமே கையெழுத்திடுகிறார். ஏன் அவர் மட்டும்? எப்போதோ போட்ட வழக்கம். துணை முதல்வருக்கும் கையெழுத்து அதிகாரம் தரும் ஓர் ஆணை போதும், பிரச்சினை தீர்ந்தது. இதற்குப் புதிய மென்பொருளும் வேண்டாம், பயிற்சிப் பட்டறையும் வேண்டாம்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஒவ்வொரு நடைமுறைக்கும் ஒரு பக்கம் போதும். ஐந்து விஷயம் அதில் இருக்க வேண்டும்: யார் செய்வது, எத்தனை நாளுக்குள், எந்தப் பதிவு உருவாகும், தவறினால் யாரிடம் போவது, எந்த எண்ணை வைத்து அளப்பது.

உள்மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். தேர்வு முடிந்த ஏழு வேலை நாளுக்குள் திருத்திய விடைத்தாள் மாணவர் கைக்கு வரும். பார்த்துக் கையெழுத்திடுவார். ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளுக்குள் பாட ஆசிரியரிடம் சொல்வார். ஒத்துவராவிட்டால் துறைத் தலைவரிடம். அதன்பின் மதிப்பெண் கணினியில் ஏறிப் பூட்டப்படும். பூட்டிய பிறகு மாற்ற வேண்டுமானால் முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அளவுகோல்: ஏழு நாளில் திரும்பிய தாள்களின் சதவீதம். இவ்வளவுதான். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நாள் கணக்குகளை உங்கள் கல்லூரிக்கு ஏற்ப மாற்றலாம். ஆனால் கடைப்பிடிக்க முடிந்ததை மட்டுமே எழுதுங்கள். எழுதிவிட்டு மீறுவது, எழுதாமல் இருப்பதைவிட மோசம்.

குறைதீர்ப்புக்கு நீங்கள் புதிதாக விதி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் குழு அமைப்பையும், 15 வேலை நாளுக்குள் பரிந்துரை தர முயல வேண்டும் என்பதையும், மேல்முறையீட்டுக்கு ஆம்புட்ஸ்பர்சன் என்ற அலுவலரையும் சொல்கின்றன. அதை ஒரு பக்கமாகச் சுருக்கி மாணவர் கண்ணில் படும்படி வைப்பது உங்கள் வேலை.

பாடவிளைவு: அளந்தபின் என்ன செய்தீர்கள்?

ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு பாடவிளைவு எழுதுகிறோம். அட்டவணையில் 3, 2, 1 என்று நிரப்புகிறோம். பல கல்லூரிகளில் அதோடு ஃபைல் மூடப்படுகிறது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. பி.காம். முதலாண்டு நிதிக் கணக்கியல். வகுப்பில் 60 பேர். மூன்றாவது பாடவிளைவு: வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தயாரிப்பார். அதற்கான கேள்விகளில் 60 சதவீத மதிப்பெண் எடுப்பது இலக்கு. வகுப்பில் 70 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டால் நிலை 3, 60 என்றால் 2, 50 என்றால் 1 என்று துறை முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறது. தொட்டவர்கள் 24 பேர். அதாவது 40 சதவீதம். நிலை 1 கூட எட்டவில்லை.

இங்கே எண்ணைத் திருத்தும் ஆசை வரும். வேண்டாம். தாள்களைப் பிரித்துப் பாருங்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படிக்காமல் வந்தவர்கள் என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு முதல் இரண்டு வாரம் அவர்களுக்குத் தனி இணைப்பு வகுப்பு. எல்லோருமே ஒரே படியில் சறுக்கியிருந்தால், பாடம் நடத்தும் வரிசையை மாற்ற வேண்டும். செய்ததை நான்கு வரியில் எழுதுங்கள். அடுத்த ஆண்டின் எண்ணை அதன் பக்கத்தில் வையுங்கள். 40 சதவீதத்தை 58 ஆக்கிய கதையை ஆதாரத்தோடு சொல்லும் துறை, எல்லாக் கட்டத்திலும் 3 போட்ட துறையைவிட நம்பத்தக்கது. அனுபவமுள்ள எந்த மதிப்பீட்டாளரும் அதைப் பார்த்தவுடன் உணர்ந்துவிடுவார்.

கருத்துக் கேட்பிலும் இதுவே விதி. படிவத்தில் கேள்விகளைக் குறையுங்கள், பெயர் கேட்காதீர்கள், மதிப்பெண் பட்டியல் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு ‘நீங்கள் சொன்னவை, நாங்கள் செய்தவை, செய்ய முடியாதவை, காரணம்’ என்று ஒரு தாளில் போட்டு மாணவருக்கே காட்டுங்கள். நூலகம் மாலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தால், அடுத்த முறை படிவத்தை யோசித்து நிரப்புவார்கள்.

உள்தணிக்கை: ஆளை அல்ல, ஏற்பாட்டைப் பாருங்கள்

பருவத்துக்கு ஒருமுறை, ஒரு துறையை இன்னொரு துறை பார்க்கட்டும். வேதியியல் ஆசிரியர் வணிகவியலைப் பார்ப்பார். வணிகவியல் தமிழ்த்துறையைப் பார்க்கும். தன் துறையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது. அரை நாள் போதும். எந்தத் தேதி, எந்தெந்தப் பதிவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; திடீர்ச் சோதனை பயத்தைத்தான் வளர்க்கும்.

எழுதும் முறையில் கவனம் வேண்டும். ‘ஆசிரியர் அக்கறையின்றி இருக்கிறார்’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. ‘நடைமுறைப்படி ஏழு நாளில் தாள் திரும்ப வேண்டும், பார்த்த பத்துக் கட்டுகளில் மூன்று பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருக்கின்றன’ என்று எழுதினால் அது கண்டறிதல். விதி என்ன, கண்டது என்ன, ஆதாரம் என்ன: மூன்றும் இருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அடுத்து இரண்டு படி. அந்த மூன்று கட்டுகளையும் உடனே திருத்தித் தருவது உடனடிச் சரிசெய்தல். ஒரே வாரத்தில் நான்கு தேர்வு வைத்ததால்தான் தேங்கியது என்று கண்டு, தேர்வு அட்டவணையையே மாற்றுவது வேரை எடுப்பது. முதலாவதோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த பருவத்திலும் அதே வரியை எழுதுவீர்கள்.

நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதாதீர்கள்

குழு வரும் மாதத்தில், மூன்று ஆண்டுக்கு முந்தைய தேதியில் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்லும் அழுத்தம் வரலாம். உறுதியாக மறுத்துவிடுங்கள். அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்வதும் நீங்கள்தான். 2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கொன்றில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரை சிபிஐ கைது செய்ததை எல்லோரும் படித்தோம். குறுக்கு வழியில் வாங்கும் கிரேடு, வாங்கியவரையும் கொடுத்தவரையும் ஒன்றாகத்தான் இழுத்துச் செல்லும். ‘அந்த இரண்டு ஆண்டு கூட்டம் ஒழுங்காக நடக்கவில்லை, இந்த ஆண்டு முதல் நடக்கிறது, இதோ பதிவு’ என்று சொல்வதில் மதிப்பெண் சற்றுக் குறையலாம். அதைத் தாங்கிக்கொள்ள முடியும். மாணவருக்கு நேர்மையைக் கற்பிக்கும் இடத்தில் பொய் ஆவணம் தயாரானால், அந்தக் கல்லூரியில் தரம் என்று பேசுவதற்கே எதுவும் மிஞ்சாது.

மனிதர்களைக் கூட்டிச் செல்வது

“முப்பது வருஷமா நாங்க பாடம் நடத்தலையா?” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்பார். அவரிடம் வாதாட வேண்டாம். “ஐயா, நீங்க நடத்துற முறையைத்தான் எழுதி வைக்கணும்னு பார்க்கிறேன். இளைய ஆசிரியர்களுக்கு அது கிடைக்கணும்” என்று கேளுங்கள். அவருடைய பாடத்திட்டக் குறிப்பே துறைக்கு முன்மாதிரி ஆகலாம்.

கௌரவ விரிவுரையாளர்களையும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களையும் மறக்காதீர்கள். பல கல்லூரிகளில் கணிசமான வகுப்புகளை எடுப்பவர்கள் அவர்கள்; ஆனால் குழுக்களில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. தரவு கேட்கும்போது மட்டும் அவர்களைத் தேடுவது அநீதி. கூட்டத்துக்கு அழையுங்கள், அவர்கள் செய்த வேலைக்கு அவர்கள் பெயரையே போடுங்கள். அலுவலக ஊழியர்களும் அப்படித்தான். சான்றிதழ் நடைமுறையை எழுதும்போது சூப்பிரெண்டை உட்காரவைத்து எழுதினால், மறுநாளிலிருந்து அது அவருடைய விதி.

ஒரே தகவலை இரண்டு முறை யாரிடமும் கேட்காதீர்கள். ஆசிரியர்களின் நம்பிக்கையைப் பெற இதைவிட நல்ல வழி இல்லை. கருத்தரங்கு முடிந்த அன்றே அறிக்கை, வருகைப் பட்டியல், ஜியோடேக் புகைப்படம் மூன்றும் பொது டிரைவில் ஏறிவிட்டால், வருடாந்திர அறிக்கை எழுதும்போது யாரையும் துரத்த வேண்டியிருக்காது.

ஐஎஸ்ஓ சான்றிதழ் வாங்குவதானால்

ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தரநிலையை வெளியிடுவதோடு அதன் வேலை முடிகிறது. சான்று தருபவை தனி நிறுவனங்கள். அந்த நிறுவனத்துக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.சி.பி. அப்படி அங்கீகாரம் தரும் அமைப்பு. வளாகத்துக்கே வராமல் பணம் கட்டிய வாரத்தில் சான்றிதழ் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முறையான சான்று என்றால் தணிக்கை நேரில் நடக்கும். பிறகு ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கையும் இருக்கும். ஆலோசனை சொன்ன நிறுவனமே சான்றும் தருவது கூடாது என்பதையும் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

ஓராண்டு அட்டவணை

ஜூன், ஜூலை: ஆணை, குழு, முதல் கூட்டம், மூன்று நடைமுறைகளின் இப்போதைய நிலையை அளத்தல்.
ஆகஸ்ட், செப்டம்பர்: ஒரு பக்க நடைமுறைகள், அறிவிப்புப் பலகை, பொது டிரைவ்.
அக்டோபர், நவம்பர்: முதல் உள்தணிக்கை, கருத்துக் கேட்பு.
டிசம்பர், ஜனவரி: பாடவிளைவுக் கணக்கு; ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தல்.
பிப்ரவரி, மார்ச்: இரண்டாம் உள்தணிக்கை; நான்காவது நடைமுறையைச் சேர்த்தல்.
ஏப்ரல், மே: முதல்வர் தலைமையில் ஆண்டு மறுஆய்வு, ஏ.க்யூ.ஏ.ஆர். (நாக்குக்கான வருடாந்திர அறிக்கை) வரைவு, அடுத்த ஆண்டுக்கான இலக்குகள்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்?

மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில், பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும் செயல்பாடுகளில் ஒருங்கிணைப்பாளர் போன்ற நிர்வாகப் பொறுப்பும் ஒன்று. ஆணையின் நகலையும் ஆண்டுவாரியாகச் செய்ததன் பட்டியலையும் பத்திரமாக வைத்திருங்கள். அதைவிடப் பெரிய வருமானம், கல்லூரி முழுவதும் எப்படி இயங்குகிறது என்ற அறிவு. தேர்வு, கணக்கு, அலுவலகம், நூலகம் எல்லாம் ஒன்றோடொன்று எங்கே இணைகின்றன என்று தெரிந்தவர்தான் நாளை நல்ல துறைத் தலைவர், நல்ல முதல்வர்.

கடைசியாக ஒன்றை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்: பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு. எந்தத் தரவு எங்கே இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம், எந்த அறிக்கைக்கு எந்தத் தேதி, எந்தத் திருத்தம் பாதியில் நிற்கிறது என்று மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் ஏழாம் நாள் விடைத்தாள் மாணவர் கைக்குப் போகிறது என்றால், அந்தக் கல்லூரியில் தர மேலாண்மை வேர்பிடித்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.